நாமானுக்குக் கிடைத்த அமைதி



தவக்காலத்தின் மூன்றாம் வாரத் திங்கள்கிழமை இது. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு வரும் கூட்டம் இன்று இல்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு, வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, ஆண்டவர் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் முகங்களில் களைப்பு தெரிகிறது. எனக்குத் தெரிவதைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நம் ஊரில் நடுச்சாமம் கடந்தும் விளக்கு அணையாத வீடுகள் உண்டு. பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போன படகிலிருந்து நான்கு நாளாகச் செய்தி இல்லை என்று செல்போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்துக் கிடக்கிறார் ஒரு மனைவி. அடுத்த வீட்டில் மகள் பிளஸ் டூ தேர்வுக்குப் படிக்கிறாள். அவளைவிட அதிகமாகப் பயந்துகொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு வீட்டில் வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய கடன். வட்டி கட்டும் தேதி வருகிறது, மீன்பாடு இல்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பதை வீட்டுக்குச் சொல்லாமல் மறைக்கிறான். மறைக்கிறான் என்று தெரிந்துகொண்டே தாய் கேட்காமல் இருக்கிறார்.

இவர்கள் யாரும் செபிக்காதவர்கள் அல்லர். செபமாலை சொல்லாமல் படுக்காத குடும்பங்கள் இவை. இருந்தும் நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் வருவதில்லை. பிறகு என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள்: "பாதர், எனக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சோ?"

அந்தக் கேள்விக்குள் ஒரு வேதனை இருக்கிறது. ஏற்கெனவே சுமக்கிற பாரத்தின் மேல், 'நான் நல்ல கிறிஸ்தவன் இல்லையோ' என்ற பாரத்தையும் தூக்கி வைத்துக்கொள்கிறோம். அன்பானவர்களே, அந்த இரண்டாவது பாரத்தை முதலில் இறக்கி வையுங்கள். பயம் வருவது பாவம் அல்ல. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே துயருற்றுக் கலங்கினார். நற்செய்தியாளர்கள் அதை மூடி மறைக்கவில்லை. கலங்குகிற மனிதரை அவர் தள்ளிவைப்பாரா?

ஆனால் அந்தக் கலக்கத்தை எங்கே கொண்டுபோவது? இன்று முதல் வாசகத்தில் கேட்ட நாமான் இதற்கு ஒரு வழி காட்டுகிறார். அவரோடு கொஞ்ச நேரம் நடந்து பார்ப்போம்.

நாமான் சிரியா நாட்டின் படைத்தலைவர். வெற்றி கண்டவர், மன்னனின் நம்பிக்கைக்குரியவர். வெளியே பார்த்தால் எல்லாம் இருக்கிறது. உடலில் தொழுநோயும் இருக்கிறது. அவர் வீட்டில் ஒரு சிறுமி. இஸ்ரயேல் நாட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவள், நாமானின் மனைவிக்குப் பணிவிடை செய்கிறவள். அவளுடைய பெயரைக்கூட விவிலியம் சொல்லவில்லை. தன்னை அடிமையாக்கிய வீட்டாரிடம், சமாரியாவில் இருக்கும் இறைவாக்கினரிடம் போனால் நலம் கிடைக்கும் என்று அவள்தான் சொல்கிறாள்.

நாமான் புறப்படுகிறார். பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் செக்கேல் பொன், பத்துப் பட்டாடைகள், மன்னரின் கடிதம், குதிரைகள், தேர்கள். ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. கடிதத்தைப் பார்த்த இஸ்ரயேல் அரசரோ, தன்னோடு சண்டைக்கு வழி தேடுகிறார்கள் என்று அஞ்சி ஆடையைக் கிழித்துக்கொள்கிறார். ஒரு நோயாளி உதவி கேட்டு வந்து நிற்கிறார். அரசரின் கண்ணுக்கு அங்கே போர் தெரிகிறது. பயம் பிடித்த மனத்துக்கு எதிரே நிற்பவரின் வேதனை தெரிவதில்லை. இதை நாம் நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம் அல்லவா?

கடைசியில் நாமான் அந்த இறைவாக்கினரான எலிசாவின் வாசலுக்கு வந்து சேர்கிறார். எலிசா வெளியே வரவே இல்லை. ஆள் அனுப்பி, யோர்தானில் ஏழு முறை மூழ்கி எழச் சொல்கிறார். அவ்வளவுதான். நாமானுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வருகிறது. அவர் மனத்தில் ஒரு காட்சி முன்கூட்டியே இருந்தது. இறைவாக்கினர் வெளியே வருவார், தன் எதிரே நிற்பார், தம் கடவுளின் பெயரைக் கூவி அழைப்பார், நோயுள்ள இடத்தின் மேல் கையை அசைப்பார், நோய் போய்விடும். தமஸ்குவில் ஓடும் அபானாவும் பர்பாரும் இந்த யோர்தானைவிட நல்ல ஆறுகள் இல்லையா என்றும் கேட்கிறார். பிறகு தேரைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

சகோதர சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். நாமானிடம் விசுவாசம் இல்லை என்று சொல்ல முடியுமா? நம்பியதால்தானே இவ்வளவு தூரம் வந்தார்! கடவுள் தனக்கு உதவுவார் என்று நம்பினார். எப்படி உதவ வேண்டும் என்பதையும் தானே தீர்மானித்துக்கொண்டு வந்தார். அந்த இரண்டாவது தீர்மானம்தான் அவரை வாட்டியது. நோயோடு பல காலம் வாழ்ந்த மனிதர், நலம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது கோபித்துக்கொண்டு திரும்புகிறார்.

நம்மை இரவில் எழுப்பி உட்கார வைப்பது எது? கஷ்டம் ஒரு பாதி. அந்தக் கஷ்டம் எந்த வழியில், யார் கையால், எந்தத் தேதிக்குள் தீர வேண்டும் என்று நாம் உள்ளே எழுதி வைத்திருக்கும் திட்டம் மறுபாதி. மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும், அது இந்த ஆண்டே கிடைக்க வேண்டும். பிரிந்த தம்பி வந்து பேச வேண்டும், அவனே முதலில் வந்து பேச வேண்டும். நாம் ஆண்டவரிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டு அவருக்கு உத்தரவு போடுகிறோம். உத்தரவு நிறைவேறாத ஒவ்வொரு நாளும் நெஞ்சில் ஒரு சுமை கூடுகிறது. உங்கள் செபத்தில், அவர் வேறு வழியில் வருவதற்கு இடம் விட்டிருக்கிறீர்களா? இன்று இரவு அந்தக் கேள்வியோடு கொஞ்ச நேரம் அமைதியாக உட்காருங்கள். அவசரப்பட வேண்டாம்.

நாமானைத் திருப்பிக்கொண்டு வந்தது யார் என்று கவனித்தீர்களா? அவருடைய வேலைக்காரர்கள். கோபத்தில் இருக்கும் படைத்தலைவர் அருகே போகவே துணிவு வேண்டும். அவரைத் தந்தையே என்று அழைத்து, கடினமான ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே, இவ்வளவு எளிதான ஒன்றைச் செய்யக் கூடாதா என்று கேட்கிறார்கள். அவர் கேட்டுக்கொள்கிறார். ஆற்றில் இறங்குகிறார். ஏழு முறை மூழ்கி எழுந்தபோது அவர் உடல் ஒரு சிறு பிள்ளையின் உடலாக மாறியிருந்தது.

தொடக்கத்தில் ஓர் அடிமைச் சிறுமி, முடிவில் வேலைக்காரர்கள். கடவுள் அவரிடம் பேசியது இவர்கள் வழியாகத்தான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். உங்கள் வீட்டில் அந்தச் சிறிய குரல் யாருடையது? போன வருடம் திருமணமாகி வந்த மருமகள் ஒன்று சொன்னால், "உனக்கு என்ன தெரியும்?" என்று வாயை அடைத்துவிடுகிறோமா? பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன், "அப்பா, நீங்க குடிக்கிற நாள்ல எனக்குப் படிக்க முடியல" என்று சொன்னபோது என்ன செய்தோம்? நமக்கு மேலே இருப்பவர்களின் வழியாக மட்டும்தான் ஆண்டவர் பேசுவார் என்று வைத்துக்கொண்டால், பாதி நாள் அவர் பேசியது நமக்குக் கேட்டிருக்காது.

விசுவாசம் என்றால் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வது என்று பலர் நினைக்கிறோம். மனத்தைத் திறந்து வைத்தால் விசுவாசம் வெளியே போய்விடுமோ என்று பயப்படுகிறோம். கடற்கரை மக்களாகிய உங்களுக்கு நான் கட்டுமரத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது ஃபைபர் வள்ளங்கள் வந்துவிட்டன. ஆனால் உங்கள் தாத்தாமார் அலையைத் தாண்டிப் போனது கட்டுமரத்தில்தான். மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். கட்டு உறுதியாக இருக்கும். மரங்களுக்கு நடுவே இடைவெளியும் இருக்கும். அலை மேலே ஏறி அடிக்கும்போது தண்ணீர் அந்த இடைவெளி வழியாக இறங்கி ஓடிவிடும். உள்ளே தேங்காது, மரம் மூழ்காது. கயிறு அவிழ்ந்தால் மரங்கள் சிதறிவிடும், இடைவெளியே இல்லாமல் அடைத்தாலோ விழுகிற தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஆண்டவரோடு நம்மைக் கட்டியிருக்கும் கயிறு விசுவாசம். அவர் அனுப்புகிற எதிர்பாராத மனிதருக்கும் எதிர்பாராத பதிலுக்கும் நாம் விடுகிற இடைவெளிதான் திறந்த மனம். இரண்டும் சேர்ந்துதான் நம்மைக் கரை சேர்க்கும்.

இந்த மண்ணிலேயே இதை வாழ்ந்து காட்டிய ஒருவர் இருக்கிறார். நம் புனித தேவசகாயம். நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்தவர், நீலகண்டன் என்ற பெயரோடு வளர்ந்தவர், பத்மநாபபுரம் அரண்மனையில் மார்த்தாண்ட வர்மா மன்னரின் பணியாளராக இருந்தவர். அவர் மறைச்சாட்சியாக இறந்ததை நாம் எல்லோரும் அறிவோம். அதற்கு முந்தைய காலத்தை, அவர் மனம் உடைந்து கிடந்த காலத்தை, நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அவர் குடும்பத்துக்குப் பெரிய இழப்புகள் வந்தன. மாடுகள் மடிந்தன, பயிர் நாசமானது. அரண்மனைக்கு வேலைக்கு வருகிறார், ஆனால் முகத்தில் களை இல்லை. இதைக் கவனித்தவர் ஓர் அந்நியர்: டிலனாய். 1741ஆம் ஆண்டு குளச்சலில் நடந்த போரில் டச்சுக்காரர்களின் பக்கம் நின்று போரிட்டுத் தோற்று, திருவிதாங்கூர் படையிடம் சரணடைந்தவர். பிறகு அதே மன்னரின் படைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்புக்கு உயர்ந்தவர். அவர் கத்தோலிக்கர். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

நினைத்துப் பாருங்கள். ஒருவர் உள்ளூரில் மதிப்புள்ள குடும்பத்தைச் சேர்ந்த அரண்மனைப் பணியாளர். இன்னொருவர் நேற்றுவரை எதிரி, தோற்றுப்போன போர்க்கைதி, வேற்று நாட்டவர், வேற்று மதத்தவர். இவர் என்ன எனக்கு ஆறுதல் சொல்வது என்று நீலகண்டன் எழுந்து போயிருக்கலாம். நாமானைப் போலத் தேரைத் திருப்பியிருக்கலாம். அவர் உட்கார்ந்து கேட்டார். டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். மாடுகளையும் ஒட்டகங்களையும், பெற்ற பிள்ளைகளையும், கடைசியில் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்த அந்த மனிதரின் கதை, கால்நடையை இழந்த இந்த மனிதரின் நெஞ்சுக்குள் போய்ச் சேர்ந்தது. தனக்கு மட்டும் ஏன் இப்படி என்று துடித்துக்கொண்டிருந்தவருக்கு, தனக்கு முன்பே இந்த வழியில் ஒருவர் நடந்திருக்கிறார் என்று தெரிந்தது. அந்த மனிதரைக் கைவிடாத கடவுளைத் தேடி அவர் புறப்பட்டார். 1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரின் கையால் திருமுழுக்குப் பெற்று, லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் ஆனார்.

அன்பானவர்களே, அதன் பிறகு அவருக்குத் துன்பம் தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். 1749இல் கைது செய்யப்பட்டார். எருமையின் மேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் மரத்தோடு கட்டப்பட்டுக் கிடந்தார். 1752ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாடு செத்ததற்காகக் கலங்கிய அதே மனிதர், சங்கிலியில் கிடந்தபோது தம்மைப் பார்க்க வந்த மக்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார். அவருடைய சூழ்நிலை மோசமாகிக்கொண்டே போனது, உள்ளம் மட்டும் ஆழமாகிக்கொண்டே போனது. 2022ஆம் ஆண்டு மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது நம் மாவட்டமே மகிழ்ந்தது. அந்தப் புனிதத்தின் தொடக்கத்தில் ஓர் அந்நியரோடு உட்கார்ந்து பேசிய ஒரு பேச்சு இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

யோபுவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. அவருடைய நண்பர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எலிப்பாசு, பில்தாது, சோப்பார் மூவரும் செய்தி கேட்டு வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இப்படி என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கடவுளைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அவர்களுக்கு. முடிவில் கடவுள் அந்த மூவர் மேல்தான் கோபம் கொண்டார். கத்தி அழுது, கேள்வி கேட்டு, வாதாடிய யோபுவே தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்றார்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஐ நம் கடற்கரை மறக்காது. ஒக்கிப் புயலில் போனவர்களில் பலரின் உடல்கூடத் திரும்பவில்லை. அடக்கம் செய்ய உடல் இல்லாமல், கல்லறைத் திருநாளில் எந்தக் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவது என்று தெரியாமல் நிற்கும் பெண்கள் நம் நடுவே இருக்கிறார்கள். அவர்களிடம் போய், எல்லாம் கடவுளின் சித்தம், அழாதே, விசுவாசமாக இரு என்று யாரும் பாடம் சொல்ல வேண்டாம். அவர்கள் அழட்டும். ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டால்கூடக் கோபிக்கட்டும். அவர் அதைத் தாங்கிக்கொள்வார். நம்மால் முடிந்தது, முதல் ஏழு நாள் யோபுவின் நண்பர்கள் செய்ததைச் செய்வது. பக்கத்தில் போய் உட்காருங்கள். அன்பியக் கூட்டத்துக்கு அவர்கள் வராத நாளில், யாராவது ஒருவர் அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.

இன்னொன்றும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல நான் தயங்கவில்லை. வாரக்கணக்காக உறக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால், செபத்தோடு சேர்த்து மருத்துவரையும் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறோம், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறோம். மனத்துக்கு மருந்து எடுத்தால் மட்டும் ஊர் என்ன சொல்லும் என்று ஒளிக்கிறோம். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல. யோர்தான் நமக்குப் பிடித்த ஆறாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் ஆண்டவர் அந்த ஆற்றைத்தான் காட்டுகிறார் என்றால், இறங்க வேண்டியதுதானே? நேரில் போகத் தயக்கமாக இருந்தால், அரசு நடத்தும் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பங்கு இல்லத்தின் கதவும் திறந்திருக்கிறது. தற்கொலை எண்ணத்தோடு போராடுகிற ஒருவர் இங்கே உட்கார்ந்திருந்தால், உங்களிடம் நேராகவே சொல்கிறேன்: உங்கள் மேல் ஆண்டவருக்குக் கோபம் இல்லை. இன்று இரவு தனியாக இருக்காதீர்கள். திருப்பலி முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.

இப்போது நற்செய்திக்கு வருவோம். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு இரண்டே பேரை நினைவூட்டினார். பஞ்ச காலத்தில் எலியா அனுப்பப்பட்டது சீதோன் பகுதியில் இருந்த சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணிடம். எலிசாவின் காலத்தில் நலம் பெற்றவர் சிரியரான நாமான். இருவருமே வெளியார். அதைக் கேட்ட மாத்திரத்தில் ஊரே சீறி எழுந்தது. அவரை ஊருக்கு வெளியே துரத்தி, மலை விளிம்புவரை இழுத்துக்கொண்டு போனார்கள். தாங்கள் வளர்த்த பிள்ளையையே தள்ளிவிடப் பார்த்தார்கள்! கடவுளின் இரக்கம் தங்கள் வேலிக்குள் மட்டும் இருக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு, அது வேலி தாண்டிப் போகிறது என்ற செய்தி தாங்க முடியாததாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் அமைதியாக இருந்தவர் ஒருவர்தான். அவர் அவர்களுக்கு நடுவே நடந்து போய்விட்டார்.

நம் மாவட்டத்துக்கு இந்தச் செய்தியின் ஆழம் தெரியும். 1982ஆம் ஆண்டு மண்டைக்காட்டில் தொடங்கிய மதக் கலவரத்தை நம் பெரியவர்கள் கண்ணால் கண்டவர்கள். பக்கத்து ஊரைப் பார்த்தாலே பயம், கோயில் மணி கேட்டால் பயம் என்று இரு பக்கமும் உறங்காத இரவுகள். அந்த நாட்களில் இங்கே வந்து அமைதிக்காக உழைத்தவர்களில் குன்றக்குடி அடிகளார் முக்கியமானவர். அவர் அப்போது சைவ மடத்தின் தலைவராக இருந்தவர். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் அமைதியை நம் வாசலுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அடுத்த வீட்டாரை எதிரியாகப் பார்க்கிற நெஞ்சில் எத்தனை செபம் சொன்னாலும் அமைதி தங்காது. அவர்களுடைய திருவிழாவுக்கு ஒரு வாழ்த்தும், அவர்கள் வீட்டு இழப்புக்கு ஒரு வருகையும் நம்மிடமிருந்து போகட்டும்.

மீண்டும் நாமானிடம் வருவோம். இன்று நாம் வாசித்த பகுதி நாமான் திரும்பி வந்து விசுவாசத்தை அறிக்கையிடுவதோடு முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் விவிலியத்தைத் திறந்து, அரசர்கள் இரண்டாம் நூலின் 5ஆம் அதிகாரத்தில் அடுத்த சில வசனங்களைப் படியுங்கள். நலம் பெற்ற நாமானுக்கு ஒரு கவலை மிச்சம் இருக்கிறது. தன் மன்னர் ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலுக்குப் போகும்போது நாமானின் கையில் சாய்ந்துகொண்டு போவார். மன்னர் குனிந்தால் நாமானும் குனிய வேண்டியிருக்கும். இனி ஆண்டவரை மட்டுமே வழிபடுவதாக வாக்குக் கொடுத்தவர், வேலையின் நிமித்தம் அங்கே தலைகுனியப் போகிறார். அதற்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறார்.

எலிசா என்ன சொல்லியிருக்கலாம்? வேலையை விட்டுவிடு என்றிருக்கலாம். அரைகுறை விசுவாசம் வேண்டாம் என்றிருக்கலாம். அவர் ஒன்றும் கண்டிக்கவில்லை, நிபந்தனை விதிக்கவில்லை. அமைதியோடு போய் வரும்படி அனுப்பிவைக்கிறார். இந்த வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் என் கண் கலங்கும். எலிசாவின் மனம் எவ்வளவு பெரியது! நேற்றுத்தான் ஆண்டவரை அறிந்த ஒருவர், சிக்கலான ஒரு வாழ்க்கைக்குத் திரும்பிப் போகிறார். அவரைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அந்த இறைவாக்கினர் நம்பினார். திறந்த மனமும் விசுவாசமும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன.

உங்களில் எத்தனை பேருக்கு இந்தக் கவலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைக்காத கம்பெனியில் வேலை. திருச்சபை முறைப்படி சரிசெய்ய முடியாத திருமணச் சிக்கல். வேறு சமயத்தைச் சேர்ந்தவரை மணந்துகொண்டு போன மகள், அவளை வீட்டுக்குள் சேர்க்கலாமா என்று தவிக்கும் பெற்றோர். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் ஆண்டவரிடம் வர வேண்டும் என்று நினைத்து, வராமலேயே இருந்துவிடாதீர்கள். மகளுக்கு இன்றே போன் பண்ணுங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசுவோம். நாமானின் பாதி தீர்ந்த வாழ்க்கையை ஏற்றுக்கொண்டவர் உங்களுடையதையும் ஏற்றுக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே ஒப்புரவு அருட்சாதனத்துக்காக நான் ஆலயத்தில் இருப்பேன். பல ஆண்டுகளாக வரவில்லை, இப்போது போனால் பாதர் என்ன நினைப்பாரோ என்று தயங்குகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எத்தனை ஆண்டு என்று நான் கேட்க மாட்டேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே தொடங்குங்கள், சேர்ந்து சொல்வோம். முழங்கால் போட முடியாதவர்களுக்கு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாருங்கள்.